பன்னிரண்டு மட்டங்களும் ஒரு தோட்டக் கிணறும்: இலங்கைத் தகைமைச் சட்டகக் கைநூல் பற்றிய ஒரு மதிப்பீடு

உயர்கல்வி அமைச்சு 2012 இல் முதன்முதலாக வெளியிட்டு, 2015 இல் திருத்தி மீண்டும் வெளியிட்ட, கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகக் கைநூலை, பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பிப்பவள் என்ற முறையில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். என் மேசையில் இருக்கும் 2015 ஆம் ஆண்டுப் பிரதியின் முதுகு பிரிந்துவிட்டது. ஐந்தாம், ஆறாம் மட்டங்களைப் பற்றிய பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. ஒன்பதாம், பத்தாம் மட்டங்களுக்கிடையில் என் பெறாமகள் (அக்காவின் மகள்) செருகி வைத்த பேருந்துச் சீட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. பாடநெறிகளை எழுதுவதற்கும், துறையின் மீளாய்வுக்கு ஆயத்தமாவதற்கும், வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்புத் தெரிவில் வழிசொல்வதற்கும் என மூன்று வேலைகளுக்கு இந்தக் கைநூலை நான் எடுத்திருக்கிறேன். முதல் வேலைக்கு அது மிக நன்றாகவும், மூன்றாவது வேலைக்கு நான் எதிர்பார்த்ததை விடச் சிறப்பாகவும் உதவியது. இரண்டாவதைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு.

கைநூலின் அடிப்படை எளிமையானது. க.பொ.த. சாதாரண தரத்தை முதலாம் மட்டமாகவும் உயர்தரத்தை இரண்டாம் மட்டமாகவும் வைத்து, அதன்மேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா, மூன்றாண்டு இளமாணி, நான்காண்டுச் சிறப்பு இளமாணி, பட்டப்பின் சான்றிதழ், பட்டப்பின் டிப்ளோமா, இரு வகை முதுமாணிகள், முதுதத்துவமாணி, கலாநிதி என்று பன்னிரண்டாம் மட்டம் வரை ஏணி கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் அந்தத் தகைமை எதற்காக வழங்கப்படுகிறது, அதைப் பெற்றவரிடம் என்னென்ன ஆற்றல்களைச் சமூகம் எதிர்பார்க்கலாம், அதற்கு எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும், பட்டத்தின் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பன சொல்லப்பட்டுள்ளன. பெயர் எழுதும் விதி சிலருக்கு அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு வெவ்வேறு கனமுள்ள பட்டங்கள் உலாவிய நாட்டில், சிறப்புப் பட்டம் என்றால் அதைக் குறிக்கும் சொல்லும் பாடத்தின் பெயரும் சான்றிதழிலேயே வரவேண்டும் என்று வரையறுத்தது வேலை கொடுப்பவருக்கும் பட்டதாரிக்கும் செய்த பெரிய நன்மை என்றே நினைக்கிறேன்.

கிரெடிட் என்பதை விரிவுரை மணித்தியாலங்களின் கணக்காக மட்டும் பார்த்துப் பழகிய எங்களுக்கு, இந்தக் கைநூல் கொடுத்த முதல் திருத்தம் நேரத்தைப் பற்றியது. ஒரு கிரெடிட் என்றால் மாணவர் ஏறத்தாழ 50 மணித்தியாலம் கற்றலில் செலவிட வேண்டும். அதில் விரிவுரை, செய்முறை, ஒப்படை, நூலகத்தில் இருந்த நேரம், பரீட்சைக்கு ஆயத்தமான நேரம் எல்லாம் அடங்கும். ஆய்வுக்கும் தொழிற்துறைப் பயிற்சிக்கும் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணித்தியாலம். ஓராண்டுக்கு 30 கிரெடிட், அதாவது 1,500 மணித்தியாலம் என்று கொண்டால், மூன்றாண்டு இளமாணிக்கு 90 கிரெடிட்டும் நான்காண்டுச் சிறப்பு இளமாணிக்கு 120 கிரெடிட்டும் ஆகும்.

இந்தக் கணக்கு தெரியாததால் பிற நாடுகளின் பட்டங்களோடு ஒப்பிடும்போது நம்மவர்கள் வீணாகத் தாழ்வு மனப்பான்மை கொள்கிறார்கள். பிரித்தானியாவில் மூன்றாண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 360 கிரெடிட் என்று கேட்டதும், எங்கள் 120 அதன் மூன்றில் ஒரு பங்குதானே என்று ஒரு மாணவன் என்னிடம் கவலையோடு கேட்டான். அங்கே ஒரு கிரெடிட் 10 மணித்தியாலம். ஆகவே 360 கிரெடிட்டுக்கு 3,600 மணித்தியாலம். இங்கே 120 கிரெடிட்டுக்குக் குறைந்தது 6,000 மணித்தியாலம். ஐரோப்பிய முறையில் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணித்தியாலம். ஆகவே நமது ஒரு கிரெடிட் அவர்களுடைய இரண்டுக்குச் சமமாகிறது. இந்தியாவின் புதிய முறையில் ஆண்டுக்கு 40 கிரெடிட், 1,200 மணித்தியாலம். மணித்தியாலம் கூடினால் கல்வி தானாகச் சிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வெறும் இலக்கத்தைப் பார்த்து மனம் உடைவதற்கு இடமில்லை என்பதையே அந்த மாணவனுக்கு எழுதிக் காட்டினேன்.

கைநூலின் இதயம் கற்றல் பேறுகள் பற்றிய பகுதி. பட்டம் பெற்றவர் எதைப் படித்தார் என்பதை விட்டு, படித்ததைக் கொண்டு எதைச் செய்வார் என்று கேட்கும் முறை இது. ஐரோப்பாவில் 2004 இல் உருவான டப்ளின் விவரிப்புகள் இதையே ஐந்து தலைப்புகளில் கேட்டன: அறிவும் விளக்கமும், அறிவின் பிரயோகம், தீர்ப்பிடும் ஆற்றல், தொடர்பாடல், தானாகக் கற்கும் திறன். இலங்கைச் சட்டகம் அதைப் பன்னிரண்டு பேறுகளாக விரித்து, அறிவு, திறன், மனப்பாங்கு, மனநிலையும் நோக்கும் என்று நான்கு தொகுதிகளுக்குள் அடக்குகிறது. பாட அறிவும் அதன் நடைமுறைப் பிரயோகமும் முதலில் வருகின்றன. அடுத்துத் தொடர்பாடல், குழுவாகப் பணியாற்றுதலும் தலைமைத்துவமும், ஆக்கத்திறனும் சிக்கல் தீர்த்தலும், முகாமைத்துவம், தகவலைக் கையாளுதல், சமூக உறவு போன்ற திறன்கள். பின்னர் மாற்றத்துக்கு இசைதல், விழுமியமும் தொழில்வாண்மையும், வாழ்க்கை நோக்கு, வாழ்நாள் முழுதும் கற்றல் என்று பட்டியல் முடிகிறது.

படிக்கப் படிக்க இவை ஒன்றுபோலவே தோன்றுவதாகப் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு. நானும் முதலில் அப்படியே உணர்ந்தேன். என் பாடத்திலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்து, எல்லா மட்டங்களையும் அதன்மேல் வைத்துப் பார்த்த பின்னர்தான் வேறுபாடு எனக்குத் துலங்கியது.

கோண்டாவிலில் ஒரு வெங்காயத் தோட்டத்துக் கிணற்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்; மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. டிப்ளோமா பெற்றவர், அதாவது மூன்றாம் மட்டத்தில் நிற்பவர், அந்தக் கிணற்றுக்குப் போனால் சொல்லிக் கொடுத்த ஒழுங்கின்படி போத்தலைக் கழுவி, மாதிரி எடுத்து, நீரின் உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறனை மானியில் வாசித்து, திகதியும் நேரமும் இட்டுப் பிழையில்லாமல் பதிவு செய்ய வேண்டும். இது சிறிய வேலையன்று. இந்தப் பதிவு பிழைத்தால் மேலே கட்டப்படும் எல்லாமே பிழைக்கும்.

ஐந்தாம் மட்டத்து இளமாணி, ஆடி மாதத்தில் அந்த வாசிப்பு ஏன் ஏறுகிறது என்று விளக்க வேண்டும். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றருக்கு அது உவர்நீரை அழுத்தி வைத்திருக்கும் என்ற கோட்பாடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறைப்பு இயந்திரம் நாள்முழுதும் ஓடி மேலேயுள்ள மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் பன்மடங்கு மேலெழும் என்பதைத் தோட்டக்காரருக்கு அவர் பேசும் தமிழிலேயே சொல்லத் தெரிய வேண்டும். நிறுவப்பட்ட அறிவைத் தெரிந்த வகைச் சிக்கலுக்குப் பிரயோகித்தல், அதைத் தெளிவாகத் தெரிவித்தல் என்ற இரண்டு பேறுகளும் இந்த ஓர் உரையாடலிலேயே அடங்கிவிடுகின்றன.

ஆறாம் மட்டத்தில் நிற்கும் சிறப்பு இளமாணி தன் கேள்வியைத் தானே எழுப்ப வேண்டும். அதே கிணற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெங்காயத்துக்கு இட்ட உரத்திலிருந்து வந்ததா, பக்கத்து வளவின் மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா, இரண்டிலிருந்துமா? எத்தனை கிணறு, எந்த மாதங்கள், எந்தத் தூரங்கள் என்று திட்டமிட்டு, கிடைத்த தரவு எதைச் சொல்லவில்லை என்பதையும் ஆய்வேட்டில் நேர்மையாக எழுத வேண்டும். பத்தாம் மட்டத்து முதுமாணி, ஏற்கனவே செய்யப்பட்ட ஆய்வுகளின் முறைகளையே தராசில் வைத்து, ஒன்றோடொன்று முரண்படும் முடிவுகளுக்கிடையில் தன் தீர்ப்பைத் தர வேண்டும். பன்னிரண்டாம் மட்டத்துக் கலாநிதியின் கையிலிருந்து இதுவரை எவருக்கும் தெரியாத ஒன்று வெளிவர வேண்டும். அதைத் துறை வல்லுநர்கள் சோதித்து ஏற்க வேண்டும். கிணறு ஒன்றுதான்; மட்டம் ஏற ஏற வழிகாட்டுபவரின் கை விலகி, தீர்மானிக்கும் பொறுப்பு கற்பவரின் தோளுக்கு மாறுகிறது. கைநூலின் பன்னிரண்டு மட்ட விவரிப்புகளையும் இந்தக் கண்ணோடு வாசித்தால் அவற்றின் ஒழுங்கு அழகாகப் புலப்படும்.

அடுத்துப் பாடநெறி எழுதும் வேலையைச் சொல்கிறேன். எங்கள் துறையில் முன்பு இருந்த ஒரு பாடநெறிப் பத்திரத்தில், இப்பாடநெறியின் முடிவில் மாணவர்கள் நிலத்தடி நீர்வளம் பற்றி அறிந்துகொள்வர், அதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்வர், விழிப்புணர்வு பெறுவர் என்று மூன்று வரிகள் இருந்தன. எழுதியவளே நான்தான். கைநூலை அருகில் வைத்துக்கொண்டு அதே பக்கத்தைத் திரும்ப வாசித்தபோது, ஒரு மாணவி புரிந்துகொண்டாளா என்பதை எந்த வினாத்தாளால் அறிவேன் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அறிதல், புரிதல் என்ற வினைகளை நீக்கி, வரைவர், கணிப்பர், ஒப்பிடுவர், காரணம் காட்டி வாதிடுவர் என்று மாற்றிய மறுகணமே பரீட்சை வினாக்களும் மாறின. நன்னீர் வில்லையை விவரிக்குக என்ற பழைய வினாவுக்குப் பதிலாக, மூன்று கிணறுகளின் ஓராண்டு வாசிப்புகளைத் தந்து, இவற்றில் எதில் அடுத்த கோடையில் இறைப்பைக் குறைக்கச் சொல்வீர், ஏன் என்று கேட்டேன். மனப்பாடத்தில் வல்ல சிலர் தடுமாறினார்கள். வகுப்பில் வாய் திறக்காத, தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு பக்கத்தில் எழுதிய விடையை நான் மூன்று முறை வாசித்தேன். அவளிடம் அந்த ஆற்றல் முன்பே இருந்தது. என் பழைய வினாத்தாளில் அதைக் காட்ட இடம் இருக்கவில்லை. இந்த ஒரு பயனுக்காகவே கைநூலுக்கு நான் நன்றியுடையவள்.

இனிக் குறைகள். பாட அறிவு, பிரயோகம், தகவலைக் கையாளுதல் ஆகிய பேறுகளில் மட்டத்துக்கு மட்டம் ஏற்றம் தெளிவாகத் தெரிகிறது. மனப்பாங்கு, வாழ்க்கை நோக்கு போன்றவற்றில் அந்த ஏற்றம் மங்கிவிடுகிறது. ஐந்தாம் மட்டத்துக்கும் ஆறாம் மட்டத்துக்கும் இடையில் சில வரிகளில் வேறுபாட்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் வாழ்க்கை நோக்கை எந்த அளவுகோலால் அளந்து புள்ளி இடுவது? அளக்க முடியாதது முக்கியமற்றது என்று நான் கருதவில்லை. குழுவாகக் களவேலைக்குப் போய், மழையில் நனைந்து, கருவி பழுதாகி, ஒருவரோடொருவர் பிணங்கி, பின்னர் அறிக்கையை ஒன்றாக முடித்துத் தந்த மாணவர்களிடம் அந்தப் பேறுகள் வளர்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அவற்றை வளர்ப்பதற்கான சூழலை உருவாக்குவது பற்றிக் கைநூல் இன்னும் விரிவாகப் பேசியிருந்தால், பத்திரத்தில் ஓர் அடையாளக்குறி இட்டுவிட்டுக் கடந்துபோகும் வழக்கம் குறைந்திருக்கும்.

அந்த அடையாளக்குறி வழக்கந்தான் மீளாய்வு வேலையில் எனக்குள்ள மனக்குறை. ஒவ்வொரு பாடநெறியும் பன்னிரண்டு பேறுகளில் எவற்றுக்குப் பங்களிக்கிறது என்று அட்டவணை தயாரிக்க வேண்டும். நல்ல நோக்கந்தான், ஒரு பேறு எந்தப் பாடநெறியிலும் இடம்பெறாமல் விடுபட்டிருப்பது அதில் பளிச்செனத் தெரியும். அவசரத்தில் எல்லாக் கட்டத்துக்கும் குறியிடும்போது அட்டவணை எதையும் சொல்லாத அட்டவணையாகிவிடுகிறது. மூன்று பேறுகளைத் தெரிந்து, அவற்றுக்குரிய ஒப்படையையும் புள்ளித்திட்டத்தையும் இணைத்துக் காட்டுங்கள் என்று நான் இளையவர்களிடம் சொல்வேன். இது கைநூலின் பிழையென்று சொல்ல முடியாது. பயன்படுத்தும் எங்கள் பிழை.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். என்னிடமுள்ளது ஆங்கிலப் பதிப்பு. தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்து வரும் மாணவிக்கு, தான் அடைய வேண்டிய ஆற்றல்கள் எவை என்று சொல்லும் பக்கமே எட்டாத மொழியில் இருந்தால் அந்த உரிமை அவளைச் சேராது. எங்கள் முதலாம் ஆண்டு மாணவர்களுக்கென ஐந்தாம், ஆறாம் மட்ட விவரிப்புகளை நானே தமிழாக்கி இரண்டு தாளில் கொடுத்து வருகிறேன். வினைச்சொற்களில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. ஆராய்தல், பகுத்தாய்தல், விமரிசித்தல், மதிப்பிடுதல் ஆகிய நான்கும் பேச்சில் கலந்து புழங்குகின்றன. விளைவாக ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு உதாரணம் சேர்க்க வேண்டியதாயிற்று.

மூன்றாவது வேலைக்கு வருகிறேன். அக்காவின் மகள் மூன்றாண்டுப் பட்டம் முடித்து, வேலை செய்துகொண்டே முதுமாணி படிக்க விரும்பினாள். தனியார் கல்வி நிறுவனம் ஒன்றின் விளம்பரத்தோடு வந்தாள். ஓராண்டில் முதுமாணி, வார இறுதி வகுப்பு, பின்னர் ஆய்வுப் பட்டங்களுக்கு நேரடி வழி என்று அதில் அச்சிட்டிருந்தது. அவளுடைய ஆசை பின்னர் கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும் என்பது. நான் கைநூலைத் திறந்து ஒன்பதாம் மட்டத்தையும் பத்தாம் மட்டத்தையும் பக்கத்தில் பக்கமாகக் காட்டினேன். ஒன்பதாம் மட்டத்து முதுமாணி பாடநெறிகளால் மட்டும் அமைவது, 30 கிரெடிட். பத்தாம் மட்டத்து முதுமாணிக்கு 60 கிரெடிட். அதில் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வு. ஆய்வு கிரெடிட்டுக்கு 100 மணித்தியாலம் என்பதை நினைவிற்கொண்டு பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். அந்த ஆய்வுக்கூறு மட்டுமே 1,500 மணித்தியாலம். ஒன்பதாம் மட்டத்து முழுப் பட்டத்துக்குரிய நேரமும் அதே 1,500 மணித்தியாலம்.

"சித்தி, ரெண்டுக்கும் பேர் முதுமாணிதானே, ஆர் இதையெல்லாம் பாக்கப் போகினம்?" என்று கேட்டாள்.

நான் அவளுக்குக் கொடுத்த பதில், கிணற்றைப் பற்றி மேலே சொன்னதுதான். ஒன்பதாம் மட்டம் ஒரு துறையில் உயர்நிலை அறிவைத் தரும். தொழிலில் முன்னேற விரும்புபவருக்கு அது தகுந்த, மதிப்புள்ள தகைமை. ஆய்வுக் கேள்வியை எழுப்பவும், அது பிழைத்தால் திரும்ப எழுப்பவும் வேண்டிய பயிற்சி பத்தாம் மட்டத்தில்தான் ஒருவருக்கு வாய்க்கிறது. கலாநிதிப் பட்டத்துக்குப் போக நினைப்பவள் அந்தப் பயிற்சி இல்லாமல் போனால் முதலாம் ஆண்டிலேயே தனித்து நின்று தவிப்பாள். அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, இந்தப் பட்டம் எத்தனையாம் மட்டம், ஆய்வுக்கு எத்தனை கிரெடிட் என்று இரண்டே கேள்விகளைக் கேட்டாள். மூன்று பேரிடம் மாற்றி விட்டார்கள். மூவரிடமிருந்தும் மூன்று விடை வந்தது. எழுத்தில் தாருங்கள் என்று கேட்ட பிறகு எவரும் திரும்ப அழைக்கவில்லை. பிள்ளைகளின் உழைப்பையும் பெற்றோரின் சேமிப்பையும் வாங்கிக்கொள்ளும் இடத்தில் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை இல்லாதது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

தொழிற்கல்வி வழியில் வருபவர்களுக்கும் இந்தக் கைநூலில் ஒரு கதவு உண்டு. தேசிய தொழிற்றகைமையின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் மட்டங்கள் முறையே சட்டகத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் மட்டங்களோடு ஒப்பிடப்பட்டுள்ளன. உயர்தரத்தில் புள்ளி குறைந்து தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன பிள்ளையும் படிப்படியாக ஏறி இளமாணி மட்டத்தை அடையலாம் என்று அரச ஆவணமே சொல்வதைப் பெற்றோரிடம் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் மாற்றத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கைநூலை முதன்முறை எடுப்பவர் தொடக்கத்திலிருந்து வாசிக்கத் தேவையில்லை. தாம் சேர எண்ணும் தகைமையின் மட்டத்துக்குரிய பக்கத்தையும் அதற்கு ஒரு படி கீழும் மேலும் உள்ள பக்கங்களையும் சேர்த்து வாசித்தால் போதும். வேறுபாடு ஒப்பிடும்போதே தெரியும். கல்வி நிறுவனத்துக்குப் போகும்போது அந்தப் பக்கங்களின் நிழற்பிரதியைக் கையில் கொண்டுபோய், எங்கள் பிள்ளை இதையெல்லாம் செய்யக் கற்பது எந்தப் பாடநெறியில் என்று கேட்கப் பெற்றோர் தயங்க வேண்டாம். நல்ல துறைகள் அந்தக் கேள்வியை வரவேற்கும்.

பெறாமகள் பின்னர் வேறொரு பட்டநெறிக்கு விண்ணப்பித்தாள். பத்தாம் மட்டம், 60 கிரெடிட், அதில் ஆய்வுக்கு 15 என்று கடிதத்தில் எழுதித் தந்த பிறகே முதல் தவணைக் கட்டணத்தை வங்கியில் கட்டினாள்.